நோக்கம்: குளிக்க, நடக்க

ஷிகூ, 16 ஜூன் 1986

கடலோரக் காவல் முகாம் சார்ஜண்ட் லுவான் அவர்களுக்கு,

என் பெயர் ஜியான் பிஷியா. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் சலூன் என்னுடையது. உங்கள் முகாமில் எல்லாருடைய தலையும் என் கையில் இருந்திருக்கிறது, உங்களுடையதைத் தவிர. அங்கே வெட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று உங்கள் ஆட்களே சொல்கிறார்கள்.

நேற்று ஞாயிறு மதியம் முரசுப்பாறைக்குக் கீழே குளித்துக்கொண்டிருந்தேன். மேலே விசில் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் மூன்று துப்பாக்கி.

"கையத் தூக்கு!"

"தூக்கினா முங்கிடுவேன்டா, மடையா!"

"யாருன்னு சொல்லு!"

"போன வாரம் உனக்குக் கிருதா எடுத்தவ. கோணலா இருக்குன்னு மறுபடி வந்து உக்காந்தியே, மறந்துட்டியா?"

அதன்பிறகுதான் துப்பாக்கி இறங்கியது. அக்கரைச் சீனாவிலிருந்து நீந்தி வந்து காவல்காரன் கழுத்தை அறுக்கிற தண்ணிப்பேய் என்று என்னை நினைத்துவிட்டார்களாம். பட்டப்பகலில், பூப்போட்ட நீச்சலுடையில், எந்தத் தண்ணிப்பேய் வரும்?

நான் கரையேறும்போது என் செருப்பு, துண்டு, திருவிழாவுக்குக் கட்டி மிச்சமிருந்த நான்கு மூங்கிலிலைச் சோற்றுப் பொட்டலங்கள் எதுவும் இல்லை. சிப்பி ஒட்டிய பாறையில் வெறுங்காலோடு வீடு வந்தேன். நாள் முழுக்க நின்று பிழைக்கிறவளின் கால் இது. செருப்பையும் துண்டையும் கொடுத்தனுப்புங்கள். சோறு போகட்டும்; நன்றாக இருந்ததா என்றாவது யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறும் வருவேன். யாரும் பயந்து செத்துவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

ஜியான் பிஷியா

*

முகாம், 19 ஜூன் 1986

முதலாளியம்மா,

எனக்கு எழுத்து பட்டாளத்தில்தான் கற்றுக்கொடுத்தார்கள். அழகாக எழுத வராது.

செருப்பும் துண்டும் இத்துடன். சோறு பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. நன்றாக இருந்தது.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ராணுவத்தின் இடம். நீங்கள் ஷிகூவில் பிறந்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்கினால் சுடலாம் என்று எங்களுக்கு உத்தரவு. என் ஆட்கள் சுடவில்லை. அதற்காக நீங்கள் நன்றி சொல்லியிருக்கலாம்.

விண்ணப்பத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். பெயர், முகவரி, நோக்கம். நோக்கம் என்ற இடத்தில் 'கடற்பாசி பறிக்க' என்று எழுதுங்கள். ஊரில் இருபது பெண்கள் அப்படித்தான் எழுதி முத்திரை வாங்கிப் போகிறார்கள். ஒரு கூடையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் யாரும் கேட்கப்போவதில்லை.

லுவான் தெஷெங்

*

ஷிகூ, 23 ஜூன் 1986

சார்ஜண்ட் லுவான் அவர்களுக்கு,

தாளை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். நோக்கம்: குளிக்க, நடக்க.

கடற்பாசி எனக்குப் பிடிக்காது. பறிக்கவும் தெரியாது. என்னிடம் கூடையும் இல்லை.

ஏன் குளிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டாயிற்று. என் புருஷன் தூரக்கடல் கப்பலில் போனவன், ஏழு வருடத்துக்கு முன்னால் திரும்பி வந்தான். என்னிடம் அல்ல, காவ்ஷியோங்கில் ஒருத்தியிடம். செய்தி வந்த மறுநாள் நான் கடலில் இறங்கினேன். அத்தைமார் இருவர் மூங்கில் கழியோடு ஓடி வந்து, "உயிர விட்டுடாதடி!" என்று கத்தி என் முடியைப் பிடித்து இழுத்தார்கள். "உயிர விட வரல, நீச்சல் கத்துக்க வந்தேன்" என்றேன். அவ்வளவுதான், முடியை விட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்தார்கள். சாக வந்திருந்தால் அழுதிருப்பார்கள். குளிக்க வந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இந்த ஊரில் பெண்பிள்ளை படகில் ஏறினால் மீன் வராது என்பார்கள். படகு ஆண்களுக்கு, கரை ராணுவத்துக்கு. மிச்சமிருப்பது அந்தப் பாறை இடுக்கில் இருக்கும் தண்ணீர். அதில் இறங்க நான் பொய் எழுத மாட்டேன்.

பிஷியா

*

முகாம், 30 ஜூன் 1986

முதலாளியம்மா,

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அப்படி ஒரு நோக்கம் பட்டியலில் இல்லை.

கேப்டனிடம் காட்டினேன். அவருக்கு இருபத்தாறு வயது. சிரித்தார், பிறகு என்னை நிற்கவைத்து அரைமணி நேரம் திட்டினார். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு இது தேவையா?

நேற்றும் நீங்கள் இறங்கினீர்கள். நான்தான் மேலே நின்றேன். நான் கத்தியது உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் கையசைத்தீர்கள்.

நான் தைவானுக்கு வந்து முப்பத்தேழு வருடம். அத்தனை வருடமும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அதிலிருந்து நல்லது எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. குளிக்க வேண்டுமென்றால் வீட்டில் வாளி இருக்கிறது.

மறுபடி இறங்கினால் உங்கள் கடைக்கு முகாம் ஆட்கள் வரக்கூடாது என்று உத்தரவு போடப்போகிறார் கேப்டன். யோசியுங்கள்.

லுவான்

*

ஷிகூ, 14 ஜூலை 1986

சார்ஜண்ட் லுவான் அவர்களுக்கு,

உத்தரவு போட்டுவிட்டீர்கள். இரண்டு வாரமாக உங்கள் ஆட்கள் என் கடை வாசலைத் தலைகுனிந்து கடக்கிறார்கள். குனிந்த தலைகளையும் பார்த்தேன். உங்கள் சமையல்காரன்தானே வெட்டிவிடுகிறான்? இறகு பிடுங்கிய வாத்து மாதிரி இருக்கிறார்கள். எதிரி வந்தால் சிரித்தே செத்துவிடுவான்.

எனக்கு ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். லாரி ஓட்டுநர்கள் சவரத்துக்கு வருகிறார்கள். பிழைத்துக்கொள்வேன்.

நேற்றும் இறங்கினேன். இப்போது சிவப்புத் தொப்பி வாங்கியிருக்கிறேன், தூரத்திலிருந்தே நான்தான் என்று தெரிவதற்காக. இதுவரை போலவே ஒவ்வொரு திங்களும் ஒரு விண்ணப்பம் வரும். இன்றையது இத்துடன். நோக்கத்தை மாற்றவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முப்பத்தேழு வருடம் கடலைப் பார்த்தேன் என்கிறீர்கள். ஒரு நாளாவது அதில் கால் வைத்தீர்களா? உங்களுக்கு நீந்தத் தெரியாது, அதனால் பயம். அதைச் சட்டம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிஷியா

*

முகாம், 22 ஜூலை 1986

முதலாளியம்மா,

இதைத் தபாலில் போடவில்லை. காய்கறி வண்டிக்காரம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடுங்கள்.

எனக்கு நீந்தத் தெரியும். உங்களைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் தலையை அதிகமாகத் தூக்குகிறீர்கள், அதனால்தான் இடுப்பு கீழே போகிறது.

என் ஊர் அக்கரையில், ஷாண்டோங்கில், கிங்தாவுக்குப் பக்கத்தில். அங்கேயும் பாறைக் கரைதான். ஐந்து வயதில் என் அப்பா என்னைத் தூக்கித் தண்ணீரில் போட்டார். பதினெட்டு வயதில் அம்மாவுக்கு விளக்கெண்ணெய் வாங்கப் போனேன். வழியில் பட்டாளம் பிடித்துக்கொண்டது. ஒரு தாளில் விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. பல வருடம் கழித்து அந்தத் தாளைப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் 'சுயவிருப்பம்' என்று இருந்தது.

எங்களைத் தைவானுக்கு ஏற்றிய கப்பல் துறைமுகத்தில் ஒரு பகல் நின்றது. கரை அறுநூறு கெஜம் இருக்கும். என் பக்கத்து வீட்டு ஸு ஜின்ஷான் என் தோளைத் தட்டினான். "வாடா, குதிச்சிடலாம்" என்றான். அவன் குதித்தான். சுட்டார்கள். தலை இரண்டு முறை தெரிந்தது. பிறகு அலைதான் தெரிந்தது. கரை சேர்ந்தானா, எனக்குத் தெரியாது. அவனைவிட எனக்கு நன்றாக நீந்த வரும். நான் தளத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு தண்ணீரில் கால் வைத்ததில்லை.

பயம் என்றீர்கள். சரிதான். ஆனால் நீங்கள் நினைத்த பயம் அல்ல அது.

கடற்பாசி என்று எழுதச் சொன்னேன். அதை இனிச் சொல்ல மாட்டேன். அனுமதியும் தர முடியாது. விண்ணப்பங்களை நான் கிழிக்கவில்லை, வைத்திருக்கிறேன்.

லுவான்

*

ஷிகூ, 27 ஆகஸ்ட் 1986

சார்ஜண்ட்,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டேன். மனப்பாடம் செய்துவிட்டுத்தான் போட்டேன். அன்றிலிருந்து நீங்கள் மேலே நிற்கிற ஞாயிறுகளில் தலையைத் தாழ்த்தி நீந்தினேன், கவனித்திருப்பீர்கள். உங்களை மனிதர் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறன்று தலைமையகத்து மேஜர் வந்த நேரம் பார்த்து நான் மாட்டிக்கொண்டது என் துரதிருஷ்டம். ஒன்றரை நாள் உங்கள் கிடங்கில், அரிசி மூட்டைமேல் உட்காரவைத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. மேஜர் தாளை நீட்டினார்.

"பாசி பறிக்க வந்து வழி தவறிட்டேன்னு எழுது. வீட்டுக்குப் போ."

"வழி தவறல. எனக்கு அந்த வழி நல்லாத் தெரியும்."

"ஊர்ல எல்லாப் பொம்பளையும் அப்படித்தானே எழுதறாங்க? உனக்கு மட்டும் என்ன?"

"அவங்க பறிக்கறாங்க. நான் பறிக்கல."

அப்புறம் என்னை வெளியே அனுப்பிவிட்டு உங்களைக் கூப்பிட்டார். பலகைத் தடுப்பு, சார்ஜண்ட். எல்லாம் கேட்டது. நீங்கள் என் ஒன்பது விண்ணப்பங்களையும் மேசைமேல் வைத்தீர்கள். "ஒன்பது தடவ அனுமதி கேட்டுட்டு வர்ற ஒற்றனை நான் பார்த்ததில்ல, ஐயா" என்றீர்கள். அந்த நொடி எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அவளுக்குப் புத்தி பிசகு, ஐயா. புருஷன் விட்டுட்டுப் போனதிலேர்ந்து இப்படித்தான்."

அதைத்தான் எழுதி, முத்திரை குத்தி, என்னை வெளியே விட்டார்கள். என்னைக் காப்பாற்றியதாக நினைத்திருப்பீர்கள்.

உங்கள் முகாமில் பேசியது மாலைக்குள் சந்தைக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒருவரும் வரவில்லை. இன்று மீன் ஏலக்காரர் வந்தார், வாசலிலேயே நின்றார். "முடி மட்டும் போதும், சவரம் வேணாம்" என்றார். பதினாறு வருடமாக அவருக்குச் சவரம் செய்கிறேன். பைத்தியக்காரியின் கத்திக்குக் கீழே கழுத்தை யார் நீட்டுவார்கள்?

நான் பொய் எழுத மாட்டேன் என்றதும் நீங்கள் என்னைப் பற்றி எழுதிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் தாளில் ஒருத்தன் 'சுயவிருப்பம்' என்று எழுதினானே, அவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

திருப்பி எடுங்கள் அதை.

பிஷியா

*

முகாம், 4 செப்டம்பர் 1986

முதலாளியம்மா,

இதை உங்கள் கடையில் வைத்துவிட்டுப் போவேன். நேரில் சொல்ல வராது.

என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். வித்தியாசம் இல்லை.

திங்கட்கிழமை சீருடை போட்டுக்கொண்டு தலைமையகத்துக்குப் போனேன். மேஜரிடம் தாள் கேட்டேன். எழுதினேன்: நான் கொடுத்த வாக்குமூலம் பொய். ஜியான் பிஷியாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. அவர் குளிக்கவும் நடக்கவும் கடற்கரைக்கு வந்தார். வேறு காரணம் இல்லை.

மேஜர் இரண்டு தடவை படித்தார். "பைத்தியம் அவளுக்கா, உனக்கா?" என்றார்.

"ரெண்டு பேருக்கும் இல்ல, ஐயா."

"இதை வெச்சு உன் பட்டையை உருவலாம், தெரியுமா?"

"தெரியும், ஐயா. உருவுங்க."

ஒரு பட்டையைக் குறைத்துவிட்டார்கள். நான்தோவில் ஒரு போர்வைக் கிடங்குக்கு மாற்றல். இந்தத் தீவில் கடல் தொடாத மாவட்டம் அது ஒன்றுதான். மேஜருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

அதே வாக்குமூலத்தை இன்னொரு முறை எழுதி மீனவர் சங்கப் பலகையில் ஒட்டியிருக்கிறேன்.

இத்துடன் உங்கள் பத்தாவது விண்ணப்பம். முத்திரை என் கையில் இருந்த கடைசி நாளில் குத்தினேன். செப்டம்பர் முழுவதும் செல்லும். கேப்டன் ரத்து செய்வார். செய்யும்வரை அது சட்டம்.

லுவான்

*

ஷிகூ, 22 செப்டம்பர் 1986

லுவான் அண்ணனுக்கு,

அன்று எனக்கும் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது மணி பன்னிரண்டு. ஜீலோங் பேருந்துக்காக அரை ஊர் எதிரே நின்றது. மாற்றலாகிப் போகிறவர் நேராகப் பேருந்துக்குப் போவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நீங்கள் என் கடைக்குள் வந்து, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தாடையைத் தூக்கினீர்கள்.

"சவரம்."

"எவ்வளவு ஒட்ட?"

"ரத்தம் வராத வரைக்கும்."

கத்தியை இரண்டு முறை தீட்டினேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. உங்கள் தொண்டை எலும்பு என் கத்திக்கு அடியில் ஏறி இறங்கியது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பேருந்து வந்தது, நின்றது, ஓட்டுநர்கூட எட்டிப் பார்த்தார். முடித்துத் துடைத்துவிட்டதும் நீங்கள் தெருவைப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்று முகாமில் கத்துகிற குரலில் கத்தினீர்கள். மீன் ஏலக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் எனக்கு உட்கார நேரமில்லை.

உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. பாதி இருக்கிறது.

சீட்டை எடுத்துக்கொண்டு ஏழாம் தேதி இறங்கினேன். புது சார்ஜண்ட் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்தார். முத்திரை முத்திரைதானே, விட்டுவிட்டார். முதல் முறையாக யாருடைய விசிலும் இல்லாமல், அவசரப்படாமல் நடந்தேன். முரசுப்பாறை தாண்டி, பலகை பலகையாக வெட்டிவைத்தது போல் இருக்கிற பாறைத் தளங்கள். அவற்றின் குழிகளில் வெயிலில் சுட்ட தண்ணீர். காலை வைத்தால் வெந்நீர். அதற்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் அகலத்துக்கு வெடிப்பு. அதற்குள் அலை போய் உள்ளே எங்கேயோ இடித்து, என் காலுக்கடியில் பாறை அதிர்ந்தது. கடலுக்குள் நீளும் முனைக்குப் போக மூன்று மணி நேரம். கடைசித் திருப்பத்தில் காற்று ஆளைத் தள்ளியது, நான்கு காலில் ஊர்ந்தேன். ஐந்து இடத்தில் இறங்கிக் குளித்தேன். ஐந்தும் ஐந்து கடல். ஒன்றில் அடி தெரிந்தது, நீல மீன்கள் என் முழங்காலைச் சுற்றின. கடைசி இடத்தில் தண்ணீர் கறுப்பு. அதில் குதிக்கும்போது நான் கத்தினேன். முகாமே கேட்டிருக்கும், கேட்கட்டும்.

மறுநாளே கேப்டன் ரத்து செய்துவிட்டார். நேற்று சீட்டில்லாமல் இறங்கினேன்.

தலையைத் தாழ்த்தினால் இடுப்பு மேலே வருகிறது. நீங்கள் சொன்னது சரி. ஆனால் கரையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? அக்டோபர் பாதி வரை தண்ணீர் சூடாகத்தான் இருக்கும்.

பிஷியா

*

நான்தோ, 14 அக்டோபர் 1986

பிஷியா,

எழுதத் தாள் கொடுத்திருக்கிறார்கள், பேனா கொடுத்திருக்கிறார்கள், கதவைப் பூட்டியிருக்கிறார்கள். ஏழு நாள். இது மூன்றாவது.

பத்தாம் தேதி தேசிய நாள். கொடிக்குக் கீழே நான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. விடியுமுன் கிளம்பி, இரண்டு பேருந்து, ஒரு ரயில், மறுபடி பேருந்து. உங்கள் கடைக்கு வந்து சேர்ந்தபோது நீங்கள் ஒருவருக்குத் தலைக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் அவரை நுரையோடு விட்டுவிட்டுச் சிவப்புத் தொப்பியை எடுத்தீர்களே, அந்த ஆள் பாவம்.

வேலியின் ஓட்டையில் குனிந்தவன் ஏன் அப்படியே நின்றேன் என்று நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி இரண்டு வருடம் உத்தரவு போட்டவன் நான். மேலே காவலில் நின்றது நம் ஆட்களில் ஒருவன். என்னை அடையாளம் கண்டுகொண்டான். சட்டென்று திரும்பி மலையைப் பார்த்து நின்றான். அங்கிருந்து எதிரி வருவான் என்பது போல அவ்வளவு கவனமாக.

முழங்கால் வரை இறங்கிவிட்டு நின்றேன். நீங்கள் உள்ளே இருந்து கத்தினீர்கள்.

"என்ன அண்ணே, விண்ணப்பம் போட்டுட்டுத்தான் வருவீங்களா?"

"வாய மூடு. வர்றேன்."

தலை முங்கியதும் காதில் அந்தத் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். முப்பத்தேழு வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். கேட்கவில்லை. கூழாங்கல் உருளும் சத்தம்தான் கேட்டது. வெளிப்பாறை வரை போய்ப் பிடித்துக்கொண்டேன். என் கை தன்பாட்டுக்கு நீந்தியது, நான் சும்மா கூடப் போனேன். அங்கே நான் அழுதேன். நீங்கள் உப்புத் தண்ணீர் என்று நினைத்திருப்பீர்கள். ஜின்ஷான் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். கரை சேர்ந்திருந்தால் அவனுக்கும் இப்போது ஐம்பத்தைந்து வயது, வழுக்கை விழுந்திருக்கும்.

திரும்பி வரும்போது நான் பாறையில் ஏற முடியாததால் நீங்கள் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தீர்கள். சிப்பி கிழித்து இரண்டு முழங்காலிலும் ரத்தம். ஈரத்தோடு ஏற்ற மாட்டேன் என்றார் பேருந்து ஓட்டுநர். ஏற்றும்வரை வண்டிக்கு முன்னால் நின்றேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது இதற்குப் பிறகு நடந்தது.

கிடங்கு அதிகாரி கெட்டவர் இல்லை. விசாரணைத் தாளை என் முன் வைத்து, தானே வழியும் சொன்னார்.

"வயித்து வலி, டாக்டரப் பார்க்கப் போனேன்னு எழுதுங்க சார்ஜண்ட். நான் கையெழுத்துப் போட்டுடறேன், முடிஞ்சுது."

"குளிக்கப் போனேன், ஐயா."

"எங்க?"

"கடல்ல."

"எதுக்கு?"

"குளிக்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த வயசுலயா?" என்றார்.

"இந்த வயசுலதான், ஐயா."

ஏழு நாள் அடைப்பும் ஓய்வூதியத்தில் ஒரு வெட்டும் போட்டார்கள். போடட்டும். வெளியே விட்டதும் விலகல் கடிதம் கொடுக்கப்போகிறேன். ஷிகூவில் வாடகைக்கு ஓர் அறை பார்த்துவையுங்கள். உங்கள் கடைக்கு மேலே வேண்டாம், ஊர் பேசும்; பேசினால் பேசட்டும் என்பீர்கள், ஆனாலும் வேண்டாம். முனை வரை நடக்க என் முழங்காலுக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். நீங்கள் முன்னால் ஓடக் கூடாது.

நான்கு நாளாக வலது காது அடைத்திருக்கிறது. தலையைச் சாய்த்துக் குதித்துப் பார்த்தேன், போகவில்லை. இந்தக் கடிதத்தைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது காதுக்குள் என்னவோ நகர்ந்தது. வெதுவெதுப்பாக ஒரு சொட்டு, கழுத்து வழியாக இறங்கியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

லுவான் தெஷெங்